டோரு: கல்லை உடைத்துப் போட்ட தோட்டம்

போர்ச்சுகலின் டோரு ஆற்றங்கரைச் சரிவுகளில் மண் இல்லை என்றே சொல்லிவிடலாம். இருப்பது ஷிஸ்ட் என்ற தகட்டுப் பாறை. அதைக் கடப்பாரையால் பெயர்த்து, அந்தக் கல்லாலேயே படிப்படியாகச் சுவர் எழுப்பி, பின்னால் சில்லுகளைக் கொட்டித்தான் திராட்சை நட்டார்கள். பின்யாவ் ஊருக்கு மேலே அப்படியொரு சுவரைத் தடவிப் பார்த்தேன். சாந்து பெயருக்குக்கூட இல்லை. மழைத் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும்.

பாறைத் தகடுகள் பல இடங்களில் செங்குத்தாக நிற்கின்றன. வேர் அந்த விரிசலில் இறங்கி ஈரம் தேடிக்கொள்ளும். மேற்கே மாராவ் மலை அட்லாண்டிக் மழையை மறித்துவிடுவதால் கிழக்கே போகப் போக வறட்சி. பகலில் காய்ந்த கல் இருட்டிய பிறகும் சூடு விடும். பழம் சிறுத்து, தோல் தடித்து, சர்க்கரை ஏறும். இங்கே செய்யும் போர்ட் என்ற இனிப்பு ஒயினின் கனமும் கறுப்பும் அப்படி வந்தவை. சாறு பாதி நொதித்திருக்கும்போதே ஊற்றும் பிராந்தி அந்த இனிப்பை அப்படியே நிறுத்தி வைக்கிறது.

1756இல் போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் இந்தப் பகுதிக்கு எல்லை வகுக்க ஏற்பாடு செய்து, பிறகு கருங்கல் தூண்கள் நடவைத்தார். விலைச் சரிவும் கலப்படமும் காரணம். நிறத்துக்காக ஒயினில் எல்டர் என்ற மரத்தின் பழச்சாறு கலக்கிறார்கள் என்று அந்த மரங்களையே பிடுங்கச் சொன்னார்கள். அதிகாரம் என்றால் அப்படித்தான்!

இருபதாம் நூற்றாண்டில் உயரம், சரிவு, திசை, பாறை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, எந்தத் தோட்டம் எவ்வளவு போர்ட் செய்யலாம் என்று தீர்மானித்தார்கள். அதில் மதிப்பெண் இழந்த உயரமான, வடக்கு பார்த்த சரிவுகளைத்தான் பிராந்தி சேர்க்காத ஒயின் செய்கிறவர்கள் இன்று தேடிப் போகிறார்கள். வெயில் கூடிவிட்டது, பழத்தில் புளிப்பு அங்கேதான் தங்குகிறது.