விற்ற பொருள் திரும்பி வந்த கதை: மும்பையில் நுகர்வோர் உரிமை, 1930–2020

1960-களின் தொடக்கத்தில், மும்பையில் மாதுரி மாத்தூர் வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸியின் மோட்டார் எரிந்துபோயிற்று. அதைப் பழுதுபார்க்க இங்கே வசதியில்லை. சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், நம் ஊர் அரைப்புக்குத் தாங்கும் மோட்டாரை வைத்துத் தாமே ஒரு மிக்ஸியை உருவாக்கினார். 1963-ல் ‘சுமீத்’ என்ற பெயரில் வந்த அது, தமிழர் வீட்டு அம்மிக்கு ஓய்வு கொடுத்தது. இது தொழில்முனைவின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. நுகர்வோர் வரலாற்றை ஆராய்கிறவருக்கு அதில் வேறொரு கேள்வி இருக்கிறது. எரிந்துபோன அந்த ஜெர்மன் மிக்ஸியை மும்பையின் மாட்டுங்கா கடையொன்றில் வாங்கியிருந்தால், ஊறிய உளுந்துக்கு ஈடுகொடுக்காத பொருளைத் திரும்பப் பெறும் கடமை கடைக்காரருக்கு இருந்திருக்குமா?

சட்டம் இல்லாமலில்லை. 1893-ன் ஆங்கிலேயச் சட்டத்தை அடியொற்றி 1930-ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்றது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது உதவ வேண்டும் என்றும் சொன்னது. கொடுத்த கையாலேயே பறித்துக்கொள்ளும் விதிகளும் அதே சட்டத்தில் இருந்தன. வியாபாரப் பெயர் சொல்லி வாங்கிய பொருளுக்கு அந்தப் பயன்பாட்டு உத்தரவாதம் கிடையாது. நியாயமான காலத்துக்குள் ‘வேண்டாம்’ என்று தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பிறகு இழப்பீடு கேட்கலாம், பொருளைத் திருப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே 62-ஆம் பிரிவு, இருவரும் ஒப்புக்கொண்டால் இந்தப் பாதுகாப்புகளையே விலக்கிவிடலாம் என்றது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிடும் தைரியம் கடைகளுக்கு இந்த மண்ணில்தான் முளைத்தது. மறுத்துக் கேட்க விரும்பியவர் சிவில் நீதிமன்றப் படியேற வேண்டும். ஒரு மிக்ஸிக்காக யார் வக்கீல் வைப்பார்கள்?

இந்த நிலையை அசைத்தவர்கள் மும்பைப் பெண்கள். 1966-ல், பெரும்பாலும் இல்லத்தரசிகளான ஒன்பது பெண்கள் இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். லீலா ஜோக் அதன் செயலாளராக நின்று நடத்தினார். கலப்படமும் எடைக்குறைவும்தான் முதலில் அவர்களை இழுத்தன. பின்னர் வீட்டுச் சாதனங்களைப் பரிசோதித்து ‘கீமத்’ என்ற தங்கள் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஜே.ஆர்.டி. டாட்டா, ராமகிருஷ்ண பஜாஜ் போன்ற தொழிலதிபர்களும் நேர்மையான வணிகத்துக்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் விலைவாசி ஏறியபோது மிருணாள் கோரே, அகில்யா ரங்கணேகர் முதலியோரின் பின்னால் பெண்கள் சப்பாத்திக் கட்டையும் தட்டும் ஏந்தித் தெருவில் இறங்கினார்கள். 1975-ல் உருவான மும்பை கிராஹக் பஞ்சாயத்து, குடும்பங்களைக் குழுக்களாகச் சேர்த்து மளிகையை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளித்தது. நுகர்வோர் உரிமை டெல்லியில் 1986-ல் பிறந்ததாக எழுதுகிறவர்கள் இந்த இருபது ஆண்டுகளை அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள். அது அநியாயம். கேள்வி கேட்கும் வாடிக்கையாளரைச் சட்டம் உண்டாக்கவில்லை. அவர் ஏற்கெனவே கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

1985 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்பு நெறிகளை ஏற்றது. 1986 டிசம்பர் 24-ல் இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நுகர்வோர் மன்றங்கள் கடைக்காரருக்கு இப்படி உத்தரவிட வழிசெய்த அதன் 14-ஆம் பிரிவுதான் திருப்புமுனை: குறையை நீக்கு, அல்லது மாற்றுப் பொருள் கொடு, அல்லது விலையைத் திருப்பிக் கொடு, பட்ட துன்பத்துக்கு இழப்பீடும் கொடு. வக்கீல் கட்டாயமில்லை; தொடக்க ஆண்டுகளில் கட்டணமும் இல்லை. 1999-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில்லில் உள்ள அந்தப் பழைய வாசகம் முறையற்ற வணிகம் என மாநிலங்களுக்கு எழுதியது. ஆனாலும் அது அச்சாகிக்கொண்டேதான் இருந்தது.

2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கடிதம் சொன்னதைச் சட்ட வாசகமாகவே எழுதிவிட்டது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், பணத்தைத் திருப்ப வேண்டும். மனம் மாறியதற்காகத் திருப்பும் உரிமை இதில் வராது. நிறம் பிடிக்கவில்லை என்பது குறைபாடு ஆகாது. ‘பில்லில் குறித்த காலம்’ என்ற சொற்களில் பழைய 62-ஆம் பிரிவின் நிழல் விழுவதையும் கவனிக்க வேண்டும்: ஏழு நாள் என்று அச்சிட்டு நழுவப் பார்க்கும் கடைக்கு அது இடம் தருகிறது. நல்லவேளை, அந்தக் கெடு முடிந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது, சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் தரும் ஜாப் ஷீட்டை (பழுதுப் பதிவுத் தாளை) பத்திரப்படுத்தியவருக்கு, ஒரே கோளாறு மூன்று முறை வந்தது என்பதைக் காட்ட அதுவே வலுவான சாட்சி.

இன்னொரு மாற்றம் மும்பையின் தாராவி, செம்பூர் போன்ற பகுதிகளுக்கு நேரடியாக உதவுவது. முன்பு, விற்றவர் இருக்கும் ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோ போய் வழக்காட வேண்டும். இப்போது புகார்தாரர் வசிக்கும் இடமே போதும். வெளியூர் விற்பனையாளரிடம் ஆன்லைனில் கிரைண்டர் வாங்கிய செம்பூர்க்காரர் பாந்த்ராவிலுள்ள புறநகர் மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

தாராவி தொண்ணூறடிச் சாலைக் குடும்பத்துக்கு இவையெல்லாம் எட்டுகிறதா என்பதைப் பில்தான் தீர்மானிக்கிறது. ‘பில் வேணாம்னா நூறு ரூபா குறைச்சுக்கலாம்’ என்ற பேரத்தில், தினக்கூலியில் மிச்சம்பிடித்து வாங்குகிறவர் நூறு ரூபாயைத்தான் தேர்ந்தெடுப்பார். அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பில் தராததையும் புதிய சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. யுபிஐ வழியாகப் பணம் போன பதிவை ஆதாரமாக முன்வைக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு தடை நிற்கிறது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால், பரிசோதனைக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டும்படி புகார்தாரரிடம் ஆணையம் கேட்க 38-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு அந்தச் செலவு 1930-ன் வக்கீல் செலவைப் போலவே ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். சிறு மதிப்புப் புகார்களிலாவது அதை நுகர்வோர் நல நிதியே ஏற்க வேண்டும்.