மானிட்டரின் ஜாதகம்

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எழுத்தெல்லாம் இட்லி சைஸுக்கு வந்து நிற்கும். அல்லது நாலு பக்கமும் கறுப்புக் கரை கட்டி, நடுவில் குட்டியாகப் படம் தெரியும். சில சமயம் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்ற வாசகம் மட்டும் திரையில் மிதக்கும். எங்கள் ஃபேர்லேண்ட்ஸில் இந்த வியாதியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற ரிடையர்டு ஆசாமிகள்தான். "மானிட்டர் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். வாங்குவதற்கு முன் கொஞ்சம் பழங்கதை கேளுங்கள். காசு மிச்சமானாலும் ஆகும்.

1981-ல் ஐபிஎம் பி.சி. வந்தபோது, அதன் பச்சை எழுத்து மானிட்டருக்கு ஒரே அளவுதான். குறுக்கே 80 எழுத்து, மேலிருந்து கீழே 25 வரி, அவ்வளவே. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை கொடுத்த பிறகு வங்கிகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. எங்கள் கிளைக்கு வந்ததும் எழுத்து மட்டும் காட்டுகிற சாதிதான். படம் சுருங்குகிறது, விரிகிறது என்று அந்தக் காலத்தில் யாரும் புகார் சொன்னதில்லை.

1987-ல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கம்ப்யூட்டரோடு விஜிஏ பிறந்தது. அதில் படம் 350 கோடுகளிலும் வரும், 400-லும் வரும், 480-லும் வரும். சும்மா விட்டால் ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் தெரியும். அதற்கு ஒரு கெட்டிக்கார ஏற்பாடு செய்தார்கள். படத்தை நிலைநிறுத்த இரண்டு ஒத்திசைவுத் துடிப்புகள் போகுமல்லவா? அவை நேராகப் போகின்றனவா, தலைகீழாகப் போகின்றனவா என்பதே சங்கேதம். அதைப் பார்த்து மானிட்டர் படத்தின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளும். பழைய குண்டு மானிட்டரில் பூட் ஆகும்போது திரை ஒரு நொடி இருண்டு, உள்ளே 'டிக்'கென்று சத்தம் கேட்குமே, நினைவிருக்கிறதா? 400 கோட்டு எழுத்துத் திரையிலிருந்து விண்டோஸின் படத்திரைக்கு மாறும்போது எழும் சத்தம் அது.

பிறகு 800 × 600, 1024 × 768 என்று அளவுகள் பெருகின. இரண்டு துடிப்பை வைத்து எத்தனை சேதிதான் சொல்ல முடியும்? மானிட்டரால் தாங்க முடியாத அளவைத் தேர்ந்தெடுத்தால் திரையே போய்விடும். அதனால்தான் விண்டோஸ் 15 நொடி காத்திருந்து, நாம் பதில் சொல்லாவிட்டால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. மிகவும் கருணையான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.

1994-ல் வெசா என்ற தர அமைப்பு நிரந்தர வழி கண்டது. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் 128 பைட்டில் ஒரு ஜாதகம். இடிஐடி என்பது அதன் பெயர். தயாரித்த கம்பெனி, பிறந்த வருடம், சென்டிமீட்டரில் அகல உயரம், என்னென்ன அளவில் படம் காட்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. கம்ப்யூட்டர் எழுந்தவுடன் அதை வாங்கிப் படிக்கும். விஜிஏ கேபிளில் 12, 15 ஆம் பின்கள் இதற்காகவே இருக்கின்றன. ஜாதகம் கைக்கு வராவிட்டால், எந்த மானிட்டருக்கும் ஒத்துவரும் சிறிய அளவில் படத்தைக் காட்டும். அதுதான் இட்லி எழுத்து.

எங்கள் தெரு நண்பர் ஒருவர், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய திரை இருந்தால்தான் படிக்க முடியும் என்று 1920 × 1080 மானிட்டர் வாங்கியிருந்தார். அது 1024 × 768-க்கு மேல் ஏறவில்லை. இன்னொன்று வாங்கச் சொல்லிவிட்டார்கள் என்று பென்ஷன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். 12 ஆம் பின் மடங்கி உள்ளே போயிருந்தது. வேறு கேபிள் மாட்டியதும் சரியாகிவிட்டது.

கேபிள் நன்றாக இருந்தால் அடுத்து மின்சாரத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலும் மானிட்டர் சாதா பிளக்கிலும் இருக்கும். கரண்ட் போன நேரத்தில் கம்ப்யூட்டரை மட்டும் போட்டால், அணைந்திருக்கும் சில மானிட்டர்கள் ஜாதகம் தராது. மானிட்டரை முதலில் போட்டுவிட்டு கம்ப்யூட்டரைப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைத் திரும்பப் போட வேண்டும்.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" வந்தால் கதை வேறு. யாரோ அளவை அதிகமாக வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பி, விண்டோஸ் 7 என்றால் பூட் ஆகும்போது எஃப் 8 விசையைத் தட்டி, குறைந்த அளவுத் திரைக்கான வரியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், அளவைக் குறைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பேரன் பேத்திகள் லீவுக்கு வந்துபோன மறுநாள் இது அதிகம் நடக்கிறது.