பி.டி.யா, கேமரனா: மலிவு யார் கணக்கில்?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது நெகிரி செம்பிலானின் கோலா சாவாவில் “இந்த வருஷம் எங்கே?” என்று கேட்டால் அநேகமாக இரண்டே பதில்கள்தான் வரும். ஒன்று பி.டி. என்கிற போர்ட்டிக்சன். இன்னொன்று கேமரன் மலை. லங்காவி என்று பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டதும் பேச்சு அடங்கிவிடும். ஹட்யாய் மலிவாம் என்று ஒரு மருமகன் சொல்வான். கடப்பிதழே பெரியவருக்கு 200 ரிங்கிட், சின்னப் பிள்ளைக்கு 100 என்று தெரிந்தால், எல்லையைத் தாண்டும் முன்பே பாதிப் பயணக் காசு போய்விடும் என்று புரிந்துவிடும். கிழக்குக் கரைத் தீவுகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் விடாது. ஆக, கடலா மலையா, இவ்வளவுதான்.

மலேசியாவில் மலிவாகச் சுற்றுவது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்காக எழுதுகிறார்கள். இங்கேயே பிறந்து, சுற்றிலும் செம்பனை நிற்கும் ஊரில் குடியிருந்து, மாதச் சம்பளத்தில் இரண்டு நாள் வெளியே போய் வர நினைக்கும் குடும்பத்துக்கு அந்த ஆலோசனை உதவாது. இந்த ஒப்பீடு அந்தக் குடும்பத்துக்காக.

முதலில் காசு. ரந்தாவ், சிலியாவ் வழியாகப் பழைய சாலையைப் பிடித்தால் டோல் இல்லாமலே பி.டி. கடற்கரைக்குப் போய்விடலாம். போய் வர அறுபது, எழுபது கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் சின்னக் காருக்கு ஐந்து லிட்டர் போதும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தில் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட். எண்ணெய்க்குப் பத்து ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழி, மீகூன், ஐஸ், குளிர்பானம் எல்லாம் சேர்த்து நூறு. பிள்ளைகள் மிதவை வளையம் கேட்பார்கள், வாழைப்பழப் படகு கேட்பார்கள், உப்புத் தண்ணீரைக் கழுவக் கட்டணக் குளியலறை இருக்கிறது. 150 ரிங்கிட்டுக்குள் ஒரு நாள் முடிந்துவிடும்.

கேமரன் அப்படியில்லை. சிரம்பான், கோலாலம்பூர் தாண்டி, தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மலையேறித் தானா ராத்தா சேர ஏறத்தாழ 280 கிலோமீட்டர். மேலே சுற்றுவதையும் சேர்த்து 600 என்றால் எண்ணெய் 80 ரிங்கிட். டோல் இரண்டு வழிக்கும் ஐம்பது. வார நாளில் ஐந்து பேர் நெருக்கியடித்துப் படுக்கிற ஓர் அறை 150 என்றால் இரண்டு இரவுக்கு 300. மூன்று நாளும் கடைச் சாப்பாடு, அதற்கு இன்னொரு 300. ஸ்ட்ராபெர்ரி, அவித்த சோளம், தேனீப் பண்ணை, கற்றாழைப் பண்ணை என்று கைநீட்டும் இடங்கள் தனி. எப்படி இறுக்கிப் பிடித்தாலும் 800 ஆகும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று பிரித்தால் ஒரு நாளுக்கு 65. ஒரு கேமரன் பயணம் பன்னிரண்டு நாள் உழைப்பு. பி.டி.க்கு இரண்டேகால் நாள்.

கணக்கு இதோடு முடிந்தால் எழுதவே வேண்டியதில்லை. பி.டி. போங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் பி.டி.யின் 150 ரிங்கிட் எப்படி 150 ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் நாள் இரவே கோழிக்கு மசாலா தடவி ஐஸ் பெட்டியில் வைத்தாயிற்று. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்து, பெரிய குவாலியில் மீகூன் பிரட்டுகிறார். நெத்திலி சம்பல் ஒரு டப்பா, அவித்த முட்டை ஒரு டஜன், தெர்மாஸில் தேநீர். பாய், துண்டு, மாற்றுத் துணி, கரி, கம்பி வலை, பிளாஸ்டிக் தட்டு, குப்பைப் பை. தெலோக் கெமாங்கில் சவுக்கு நிழலில் பாயை விரித்ததும் ஆண்கள் கரியை மூட்டுகிறார்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். அம்மா செருப்புகளையும் கைப்பேசிகளையும் காவல் காத்தபடி, கடைசிப் பையனின் தலை அலைக்கு மேலே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சேலையோ பஞ்சாபி உடையோ முழங்கால் வரை நனைந்தால் அதுதான் அவர் கடல் குளித்த கதை. சாயங்காலம் வீடு திரும்பியதும் மணல் ஒட்டிய துணி ஒரு வாளி, எண்ணெய்ப் பாத்திரம் ஒரு தொட்டி.

மலிவு எங்கிருந்து வந்தது என்பது இதில் இருக்கிறது. கடைச் சாப்பாட்டுக்குக் கொடுக்காத காசு, அறைக்குக் கொடுக்காத காசு, இரண்டையும் ஒரே ஆள் உடம்பால் அடைத்திருக்கிறார். வீட்டில் நான்கு பேர் விடுமுறைக்குப் போனார்கள். ஒருவர் கூடுதல் நேர வேலைக்குப் போனார், சம்பளமில்லாமல். அவரும் செம்பனை பொறுக்கவோ தொழிற்சாலைக்கோ போகிறவர் என்றால், சட்டப்படி முதல் இரண்டு ஆண்டுக்கு அவருக்குக் கிடைக்கும் வருட விடுப்பு எட்டே நாள். அதில் ஒன்று இப்படிப் போகிறது.

கேமரனில் இது நடப்பதில்லை. மலைக்கு யாரும் குவாலியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அறையில் அடுப்பு கிடையாது. பசித்தால் கடைக்குத்தான் போக வேண்டும். தானா ராத்தா கடை வரிசையில் தோசைக்கும் வாழையிலைச் சோற்றுக்கும் பஞ்சமில்லை. காலையில் ஏழு மணிவரை போர்வைக்குள் கிடக்கும் அம்மாவைப் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான் என்றால் மிகையில்லை. 800 ரிங்கிட்டில் பெரும் பங்கு குளிருக்குக் கொடுக்கிற காசு என்று நினைக்கிறோம். உண்மையில் அது அடுப்பை மூடுவதற்குக் கொடுக்கிற காசு.

கேமரனுக்கு வேறு தொந்தரவுகள் உண்டு. தாப்பா பழைய சாலை வளைவுகளில் பின்னிருக்கைப் பிள்ளை வாந்தி எடுக்காமல் மேலே சேர்ந்ததாகச் சரித்திரமில்லை; அசாம் பொய் ஒரு பாக்கெட் கையோடு இருக்க வேண்டும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தோட்டத்து வெயிலில் வளர்ந்த பிள்ளைகளிடம் குளிருடுப்பு இருக்காது, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆண்டின் கடைசி மாதங்களில் மழை வலுக்கும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் வேலியில் அணைத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் மண்சரிவுச் செய்தி பார்க்காமல் கிளம்பக் கூடாது. பிரிஞ்சாங்கில் இரவுச் சந்தை கூடும் வாரக் கடைசியில் கார் நகராது. கண்ணாடிக்கு வெளியே ஸ்ட்ராபெர்ரிப் பொம்மைகளைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க 280 கிலோமீட்டர் வருவானேன்.

பி.டி. கடலையும் மிகைப்படுத்த வேண்டாம். மலாக்கா நீரிணையின் தண்ணீர் கண்ணாடி போல இருக்காது. கப்பல்கள் தொடுவானத்தில் வரிசையாக நிற்கும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, வற்றுக் கடலில் இறங்கினால் சேறு. ஆனாலும் தஞ்சோங் துவான் என்கிற மேடு ஒன்று போதும். நிலப்பக்கம் முழுக்க நெகிரி செம்பிலான் இருக்க, அந்தத் துண்டு நிலம் மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். காட்டுக்குள் ஏறினால் கலங்கரை விளக்கம். மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வரும் வேட்டைப் பறவைகள், முக்கியமாகத் தேன்பருந்துகள், இங்கேதான் கரை தொடுகின்றன. தரையில் எழும் வெப்பக் காற்றைப் பிடித்து வட்டமடித்து மேலேறும். கடலுக்கு மேல் அந்தக் காற்று கிடைக்காது. களைத்து வருவதால் தாழவே பறக்கும், அண்ணாந்து பார்த்தாலே தெரியும். அதைப் பார்க்கப் பெரிய செலவு எதுவும் கிடையாது. கோலா சாவாவில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. கோழி வெந்துவிட்டதா என்றுதான் எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. கேமரனில் நாம் பார்க்கப் போவது என்ன? ஒரு தோட்டம். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம், 1930-களிலிருந்து இருக்கும் பாரத் தேயிலைத் தோட்டம். காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்டதிலும் கொழுந்து கிள்ளியதிலும் தமிழர் கைகள் இருந்தன. இப்போது அதே வேலையில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வந்தவர்கள், கையில் வெட்டும் கருவியோடு. மேட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த தேநீர்க் கடையில், ஒரு கோப்பைக்கு விலை கொடுத்து, தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள். பால்மரக் காட்டைப் பார்க்க யாராவது காசு கொடுத்து வந்ததுண்டா? இருட்டு, கொசு, புளித்த பால் நாற்றம். தேயிலைக்கு மட்டும் அழகாக இருக்கும் பாக்கியம் வாய்த்தது. தாத்தா பால் வெட்டிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்தச் சரிவு நல்ல இடம். சொல்ல ஆரம்பித்தால் கேட்கவும் செய்வார்கள், கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத வளைவுகள் அங்கே நிறைய.

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் எங்கே கூட்டிப்போவது என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் முப்பது நாள் விசா விலக்கு இருக்கிறது, 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். விடுதியில் தங்கினால் வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவொன்றுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி, வீட்டில் தங்கினால் அதுவும் மிச்சம். செப்பாங் விமான நிலையத்திலிருந்து சிரம்பான் வருவது கோலாலம்பூர் போவதைவிடக் கிட்ட. சிரம்பானில் கொமுட்டர் ரயிலேறினால் மாறாமல் பத்துமலை வாசலில் இறங்கலாம். தடமே பத்துமலைக்கும் தம்பினுக்கும் இடையில்தான் ஓடுகிறது. ஆனால் மெரினாவைப் பார்த்தவரைத் தெலோக் கெமாங்குக்கும், வால்பாறையைப் பார்த்தவரைக் கேமரனுக்கும் கூட்டிப்போய் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். மலாக்காவுக்குக் கூட்டிப்போங்கள். 1781-இல் மலாக்காச் செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. தமிழ்ப் பேச்சு மறந்தும் தெய்வத்தை மறக்காத அந்தச் சமூகத்தைப் பார்த்தால் அவர் ஊருக்குப் போய்ப் பத்து நாள் பேசுவார்.

நம் குடும்பத்துக்குத் திரும்புவோம். தேதி விஷயத்தில் இரண்டு இடத்துக்கும் ஒரே விதி. சனிக்கிழமை இரவு அறை வாடகை ஏறும், ஞாயிறு இரவு இறங்கும். ஜூன் மாதமும் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும் வரையும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. அந்த வாரங்களில் கேமரன் நமக்கு எட்டாது. பி.டி.யை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை, அங்கே கூட்டம் பெரும்பாலும் கோலாலம்பூர்க் கூட்டம், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடும் கூட்டம்.

என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கேமரன், வார நாளில், மழை ஓய்ந்த பிறகு, 800 ரிங்கிட்டை மாதம் இருபத்தைந்தாகச் சேர்த்து வைத்து. இடைப்பட்ட வருஷங்களில் பி.டி., ஆனால் பகல் பயணமாக வேண்டாம். விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பி ஓர் இரவு தங்குங்கள். அறை 150, எண்ணெய் 10, நான்கு வேளைச் சாப்பாடு வெளியே வாங்க 160. இரவுக்கு லுக்குட் பக்கத்துக் கடல் உணவுக் கடையில் ஒரு மீனும் இரண்டு காய்கறியும் சோறும் சொன்னால் ஐந்து பேருக்குக் காணும். காலைக்குச் சாலையோர நாசி லெமாக் பொட்டலம். மொத்தம் 320 ரிங்கிட், கேமரனில் பாதிகூட இல்லை.

அறை பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். பி.டி.யில் வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடுகளில் அடுப்பு, சோற்றுப் பானை, கத்தி, கரண்டி எல்லாம் வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள், சமைத்துக்கொண்டால் மிச்சம் என்று. அதே விலைக்கு அடுப்பில்லாத அறை கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால், அடுப்புள்ள வீட்டையே எடுத்து, சமையல் பொறுப்பைக் கரி மூட்டத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.