தொடர் ஒருங்கிணைப்புச் சோதனை

தொடர் ஒருங்கிணைப்புச் சோதனை என்பது, ஒரு மென்பொருளைக் கூட்டாக எழுதுவோர் தத்தம் மாற்றங்களைப் பொதுக் களஞ்சியத்தில் அடிக்கடி சேர்க்க, ஒவ்வொரு முறையும் தனிக் கணினியொன்று அம்மென்பொருளை அடியிலிருந்து கட்டி, முன்னரே எழுதிவைத்த சோதனைகளை ஓட்டி, விளைவை எல்லோருக்கும் அறிவிக்கும் நடைமுறையாகும். களஞ்சியம் எனப்படுவது மூல நிரலும் அதன் மாற்ற வரலாறும் ஒருங்கே பேணப்படும் இடம்; சோதனை எனப்படுவது, இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை வரவேண்டும் என்று நிரலாகவே எழுதப்பட்ட எதிர்பார்ப்பு. நிரலரிடையே இது ‘சிஐ’ என்ற சுருக்கப் பெயராலேயே வழங்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

நிரலைக் கட்டும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் வழக்கத்துக்கு அடித்தளமிட்டது, பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவியாகும். ஆயினும் பெரிய குழுக்களில் ஒவ்வொருவரும் வாரக்கணக்கில் தனித்தனியே எழுதி, இறுதியில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் வழக்கமே நெடுங்காலம் நீடித்தது. அப்படிச் சேர்க்கும்போது வெளிப்படும் முரண்களில் எது யாருடைய மாற்றத்தால் விளைந்தது என்று கண்டறிவதே பெரும்பாடாக இருந்தது. 1990களில் மைக்ரோசொஃப்ட் போன்ற நிறுவனங்கள் நாள்தோறும் ஒருமுறை முழு மென்பொருளையும் கட்டிப் பார்க்கத் தொடங்கின. ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்ற தொடரைக் கிரேடி பூச் தமது நூலில் ஆண்டார் எனினும், ஒரே நாளில் பலமுறை ஒருங்கிணைக்க வேண்டும் என்ற வலியுறுத்தல் கென்ட் பெக்கும் அவரைச் சார்ந்தோரும் முன்வைத்த ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ முறையிலிருந்தே வந்தது. பெக்கும் எரிக் காமாவும் எழுதிய ஜேயுனிட் என்னும் சோதனைக் கருவி, சோதனை எழுதுவதை அன்றாட வேலையாக்கியது. மார்ட்டின் ஃபவ்லர் 2000இல் எழுதிய கட்டுரை இந்நடைமுறையைப் பரவலாக அறியச் செய்ய, அவர் பணியாற்றிய தோட்வேர்க்ஸ் நிறுவனத்திலிருந்து 2001இல் குரூஸ்கொன்ட்ரோல் என்னும் திறந்த மூலக் கருவி வெளிவந்தது.

சன் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி உருவாக்கி 2005இல் வெளியிட்ட ஹட்சன் என்னும் ஒருங்கிணைப்புக் கருவி, சன்னை ஒராக்கிள் வாங்கியபின் எழுந்த பெயருரிமைப் பிணக்கால் 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியது. அக்காலக் கருவிகளில் அமைப்பு விவரங்கள் பெரும்பாலும் வழங்கிக் கணினிக்குள்ளேயே பதியப்பட்டிருந்தமையால், அதைப் பராமரித்தவர் விலகினால் அவ்வறிவும் அவரோடு விலகிவிடும் நிலை இருந்தது. 2011இல் பெர்லினில் தொடங்கப்பட்ட டிராவிஸ் சிஐ, அமைப்பு முழுவதையும் களஞ்சியத்திலேயே ஒரு சிறு கோப்பாக வைக்கும் முறையைப் பரப்பியது. 2019 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கிட்ஹப் ஆக்ஷன்ஸும் அதே முறையைப் பின்பற்றி, இன்று திறந்த மூலத் திட்டங்களில் பெருவழக்காகியுள்ளது.

இலங்கையில்

இலங்கையில் இந்நடைமுறை வேரூன்றுவதற்கு உகந்த நிலம் திறந்த மூல இயக்கமே. சஞ்சீவ வீரவரண 2003இல் நிறுவிய லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் வழியே இலங்கை நிரலர் அப்பாச்சி அக்சிஸ்2 முதலிய பன்னாட்டுத் திட்டங்களில் முதன்மைப் பங்காற்றினர். நேரில் சந்தியாத, வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த பங்களிப்பாளர்கள் ஒரே நிரலைத் தொட்ட அச்சூழலில், யாருடைய மாற்றமும் பிறர் வேலையைக் குலைக்கவில்லை என்று உறுதிசெய்யும் நடுநிலையான பொறிமுறை இன்றியமையாததாயிற்று. 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கி, 2019இல் 1.0 பதிப்பைக் கண்ட பாலரீனா நிரல்மொழியின் பொதுக் களஞ்சியத்தில் இச்சோதனைகள் ஓடும் முறையை இன்று எவரும் திறந்து பார்க்கலாம்.

முல்லைத்தீவுக் கரையோரத்தையும் வாரிச் சென்ற 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையை அடுத்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து ஒருங்கிணைப்பதற்காக இலங்கைத் தன்னார்வலர் எழுதிய சகானா மென்பொருள், பின்னர் பைத்தன் மொழியில் ‘ஈடன்’ எனப் புதிதாக எழுதப்பட்டபோது, சோதனைகளுக்கெனத் தனி அடைவுகளையும் தன்னுள் கொண்டது. காணாமற்போன ஒருவரின் பெயர் ஒரு வழுவால் தேடலில் தவறிப்போகக்கூடாது என்பதால், இத்தகைய மென்பொருளுக்குச் சோதனை மனிதக் கடமையே ஆகும்.

தமிழ் எழுத்தும் சோதனையும்

முத்து அண்ணாமலை முதலானோர் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தன் நிரல்தொகுப்பு, தொடர் ஒருங்கிணைப்பைத் தமிழ்க் கணிமைக்குப் பயன்படுத்திய திட்டங்களுள் குறிப்பிடத்தக்கது. தமிழுக்கு இச்சோதனைகள் ஏன் தேவை என்பதைக் கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேச செயலர் பிரிவிலுள்ள ஜெயபுரத்தின் பெயரைக்கொண்டே காட்டலாம். ‘ஜெயபுரம்’ என்பதில் ஜெ, ய, பு, ர, ம் என எழுத்துகள் 5. யூனிகோடு முறையிலோ உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகையால், அதே சொல் 8 குறியீடுகளாகவும், யூடிஎஃப்-8 வடிவில் 24 பைட்டுகளாகவும் சேமிக்கப்படுகிறது. படிவமொன்றில் பெயரின் நீளத்தை அளக்கும் நிரல் 5 என்று விடை தரவேண்டிய இடத்தில் 8 என்று தந்தால், பெயர் நடுவில் வெட்டுண்டு போகக்கூடும்.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்கிளாய் இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. அதன் முதலெழுத்தான ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம்; திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றினும், இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்கம் செய்யாமல் ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு ஊர்கள். இவ்விரு வடிவங்களும் சமமென்று கூறும் ஒரு வரிச் சோதனையை எழுதிவைத்துவிட்டால், பின்வரும் நிரலர் யாரேனும் அறியாமல் அதைக் குலைக்கும்போது உடனே தெரியவரும்.

அமைக்கும் முறை

கிட்ஹப் ஆக்ஷன்ஸில் அமைப்புக் கோப்பு யாமல் என்னும் எளிய வடிவில் எழுதப்படுகிறது. எந்நிகழ்வின்போது சோதனை ஓடவேண்டும், எந்த இயங்குதளத்தில் ஓடவேண்டும், எந்தப் படிகளை எவ்வரிசையில் செய்யவேண்டும் என்னும் மூன்றையும் அது கூறும். நிரலைப் பெறுதல், மொழியின் குறித்த பதிப்பை நிறுவுதல், சார்புத் தொகுப்புகளை இறக்குதல், சோதனைகளை ஓட்டுதல் என்பன வழமையான படிகள். ஒவ்வொரு கட்டளையும் முடிவில் 0 என்ற எண்ணைத் திருப்பினால் வெற்றி, வேறெண் திருப்பினால் தோல்வி. பைத்தனின் 3.10 பதிப்பை மேற்கோள்குறி இன்றி எழுதினால் யாமல் அதைத் தசம எண்ணாகக் கொண்டு 3.1 என்று சுருக்கிவிடும் என்பது போன்ற நுண்மைகள் இக்கோப்பில் கவனிக்கத்தக்கவை.

நேர வலயமும் அத்தகையதே. சோதனை ஓடும் கணினி பொதுவாக உலகப் பொது நேரத்தில் இயங்க, இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியிருப்பதால், நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30க்கும் இடையில் இரண்டு இடங்களிலும் தேதி வேறுபடும். 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கையின் இடைவெளி 6 மணியாக இருந்தமையால், பழைய பதிவுகளைக் கையாளும் நிரலுக்கு அதற்கெனத் தனிச் சோதனையும் வேண்டும். நிரல் மாறாமலே ஒருமுறை வென்று மறுமுறை தோற்கும் நிலையற்ற சோதனைகளுக்கு இத்தகைய நேரச் சார்பு ஒரு பொதுவான காரணமாகும்.

வன்னியும் இந்நடைமுறையும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியற்றுறை இயங்குகிறது. அப்பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்விரு ஊர்களும் அடங்கிய வன்னிப் பகுதியின் மாணவருக்குத் தொடர் ஒருங்கிணைப்பு தரும் நன்மை தெளிவானது. பொதுக் களஞ்சியங்களுக்குக் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் கட்டணமின்றிக் கிடைப்பதாலும், பெரிய சார்புத் தொகுப்புகளை இறக்கும் வேலை தொலைவிலுள்ள கணினியில் நிகழ்வதாலும், பழைய மடிக்கணினியும் மெதுவான இணைப்பும் உடையவர்கூடத் தாம் மாற்றிய சில வரிகளை மட்டும் அனுப்பிவிட்டு, பல இயங்குதளங்களிலும் பதிப்புகளிலும் தம் நிரல் தேறுகிறதா என்று அறிந்துகொள்ளலாம்.

வரம்புகள்

எல்லாச் சோதனைகளும் தேறின என்பதற்கு, எழுதப்பட்ட சோதனைகள் தேறின என்பதற்கு மேல் பொருளில்லை. எவரும் எண்ணிப் பாராத உள்ளீட்டை எந்தக் கருவியும் தானாகக் காப்பதில்லை. ஆகவே தமிழ்ப் பெயர்களையும் ஊர்களையும் கையாளும் மென்பொருளின் தரம், அப்பெயர்களை நன்கறிந்தவர்கள் அவற்றைச் சோதனைகளாக எழுதித் தருவதையே பொறுத்தது. பன்னாட்டுத் திட்டமொன்றில் வன்னியின் மாணவர் ஒருவர் சேர்க்கும் அத்தகைய ஒரு சோதனை, அதன்பின் அங்கு எழுதப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தமிழ் எழுத்துக்குப் பொறுப்புக்கூற வைக்கும்.