கூரைக்குள் ஏறியவர்கள்

அரசாங்கம் மானியம் அறிவித்தால் அதன் தொகையைத் தலைப்பில் இடுவதே பத்திரிகை மேசையின் வழக்கம். நானும் பல்லாண்டுகள் அதையே செய்தேன். அந்த வேலையைச் செய்யப்போவது யார் என்று கேட்கத் தோன்றியதில்லை. அவுஸ்திரேலியாவின் அனுபவத்தை அறிந்த பின்னரே அக்கேள்வியின் கனம் விளங்கியது.

2009 பெப்ரவரியில், உலகப் பொருளாதார நெருக்கடியின் நடுவே, பிரதமர் கெவின் ரட்டின் அரசாங்கம் வீட்டுக் கூரைகளின் உட்புறத்தில் வெப்பத்தடுப்புப் பொருள் பதிப்பதற்கு 1,600 டொலர் வரை மானியம் அறிவித்தது. மின்கட்டணம் குறையும், வேலையற்றோருக்குத் தொழிலும் கிடைக்கும். நோக்கம் நல்லதே. 10 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் பயனடைந்தன.

ஆனால் வேகமே குறியாயிற்று. போதிய பயிற்சியற்ற இளைஞர்கள் மின்கம்பிகள் ஓடும் கூரைகளுக்குள் ஏறினர். அலுமினியத் தாளை உலோக ஊசிகளால் அறையும்போது ஊசி கம்பியைத் துளைத்தால், தாள் முழுவதும் மின்சாரம் பாயும். நியூசிலாந்தில் 2007இல் நேர்ந்த மரணங்கள் இவ்வாபத்தை முன்னரே உணர்த்தியிருந்தன. எனினும் 2009 ஒக்டோபர் முதல் 2010 பெப்ரவரி வரை நால்வர் மாண்டனர். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கடும் வெப்பத்தால். அவர்களுள் ஒருவருக்கு வயது 16. 2010 பெப்ரவரி 19இல் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் முறையாக வகுக்கப்பட்டிருந்தால் அம்மரணங்கள் நேர்ந்திரா என்று 2014இல் விசாரணை ஆணைக்குழு கூறியது. அதற்குள் நான்கு வீடுகளில் பிள்ளைகள் இல்லை.

இன்று மானியச் செய்தி எதைப் படித்தாலும், தொகையை விட்டு, ஏணியில் ஏறும் அந்த இளைஞனையே என் கண் முதலில் தேடுகிறது.