கர்ப்பப்பைக் கட்டி: மானிப்பாயிலிருந்து தேவாரம் வரை

"கர்ப்பப்பையில கட்டி இருக்காம், எடுத்துரணுமாம்." எங்க தேவாரம் பக்கம் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு வரும். காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், மாதாமாதம் அளவுக்கு மீறி உதிரம் போனாலும் துணியை மாற்றிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். முடியாமல் போகும்போதுதான் ஸ்கேன். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். அதைப் படித்துச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் தகவல்.

இந்தக் கட்டியைப் பற்றித் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள எப்போதாவது வழி இருந்ததா என்று தேட ஆரம்பித்தேன். அது என்னை 170 வருஷம் பின்னால், யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய் விட்டது.

முதலில் கட்டி என்றால் என்ன?

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைச் சுவரில் உள்ள தசையிலிருந்து வளரும் கட்டி. நார்த்திசுக் கட்டி என்று எழுதுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் தசை. இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. அமெரிக்காவில் ஸ்கேன் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. அதன்படி 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் 70 சதவீதம் பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலானவர்களுக்கும் இந்தக் கட்டி வந்திருக்கும். அதாவது நரைமுடி மாதிரி சாதாரணம். பலருக்கு இருப்பதே தெரியாது. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கும்.

தொந்தரவு கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கர்ப்பப்பையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் சின்னக் கட்டிகூட உதிரப்போக்கை அதிகமாக்கி இரத்தசோகையில் கொண்டு போய் விடும். வெளிப்பக்கம் இருந்தால் எலுமிச்சை அளவுக்குக் கூட சத்தமில்லாமல் கிடக்கும். ரொம்பப் பெரிதானால் மூத்திரப்பையை அழுத்தும்.

பத்து மாதம் பொறு

நம்முடைய பழைய மருத்துவத்துக்கு வயிற்றுக்குள் தட்டுப்படும் கட்டி புதிதல்ல. குன்மம் என்ற சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கும். சரக சம்ஹிதை பெண்களுக்கு மட்டும் வரும் 'ரக்த குல்மம்' ஒன்றைச் சொல்கிறது. அது கர்ப்பம் போலவே தோற்றம் காட்டும், எனவே பத்தாவது மாதம் தாண்டிய பிறகே வைத்தியம் செய் என்கிறது. இதில் ஃபைப்ராய்டும் சேர்த்தியா என்பது வேறு விவாதம். ஆனால் அந்த எச்சரிக்கையின் தர்க்கத்தைப் பாருங்க. உள்ளே பார்க்கக் கருவி இல்லாத காலத்தில், காலத்தையே பரிசோதனையாக வைத்திருக்கிறார்கள். பிள்ளையாக இருந்தால் பத்து மாதத்தில் பிறந்துவிடும். கட்டியானால் அங்கேயே இருக்கும்.

ஐரோப்பாவில் மேத்யூ பெய்லி 1793-ல் இந்தக் கட்டியைப் பிண ஆய்வில் பார்த்து விவரித்தார். அது தசையிலிருந்து வருகிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் விர்ஹோ காட்டினார்.

மானிப்பாய் டாக்டர்

அதே நூற்றாண்டின் நடுவில்தான் தமிழில் ஒரு முயற்சி நடந்தது. சாமுவேல் ஃபிஷ்க் கிரீன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர், 1847-ல் மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்க ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விட்டார்கள். கிராமத்துக்கு யாரும் மிஞ்சவில்லை. எனவே 1864-லிருந்து தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 30-க்கும் மேற்பட்டவர்கள் அப்படித் தமிழில் படித்து வைத்தியரானார்கள்.

பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே! மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். 1857-ல் 'பிரசவ வைத்தியம்', 1867-ல் 'இரண வைத்தியம்', 1872-ல் உடற்கூறு நூலான 'மனுஷ அங்காதிபாதம்'. கலைச்சொல்லுக்கு அவர் வைத்த வரிசை: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடு. சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்தது. எந்தச் சொல்லிலும் சிக்கி நிற்காமல் வேலை நகரும். 1873-ல் அவர் ஊர் திரும்பினார். அந்த வழி அதற்குப் பிறகு நீடிக்கவில்லை.

இந்தியப் பக்கம் சென்னையில் எட்வர்ட் பால்ஃபர் என்ற இராணுவ டாக்டர், கான்குவெஸ்ட் எழுதிய பிரசவ நூலை இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளைச் சொந்தக் காசில் அச்சிட்டார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்ததற்கும் அவர் ஆதரவுதான் காரணம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பெண் உடம்பைப் பற்றித் தமிழுக்கு முதலில் வந்தவை பிரசவ நூல்கள். தாயும் பிள்ளையும் பிரசவத்தில் சாவதைத் தடுப்பது அப்போதைய அவசரம், அது நியாயம்தான். ஆனால் பிள்ளை பெற்று முடித்த நாற்பது வயதுப் பெண்ணின் கர்ப்பப்பை யாருடைய பாடத்திலும் முன்வரிசைக்கு வரவில்லை. இன்றைக்கும் நம்ம ஊர்ச் சுகாதாரப் பேச்சு பிரசவம், தடுப்பூசி, குடும்பக்கட்டுப்பாடு இந்த மூன்றைச் சுற்றியே நிற்கிறது.

சென்னையிலிருந்து லண்டனுக்கு

1875-ல் சேர்ந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லிப். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டாமலே பெண்கள் சாவதைப் பார்த்துத்தான் படிக்க வந்தார். லண்டனில் மேல்படிப்பு முடித்து 1883-ல் சென்னை திரும்பினார். 1885-ல் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் அறிவது அதுதான். உடல்நிலை காரணமாக லண்டன் திரும்பியவர், அங்கே வயிற்று அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்றார்.

எங்கள் பகுதிக்கு அருகில் என்றால் மதுரை. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி வந்ததுதான். அதன் பெண் டாக்டராக ஹாரியட் பார்க்கர் 1895-ல் மதுரை வந்தார். முல்லைப் பெரியாறு அணை திறந்த அதே வருஷம்.

கத்தி வந்த கதை

கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் ஆரம்பித்ததே தவறான கணிப்பில்தான். 1843-ல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே, சினைப்பைக் கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தார். இருந்தது ஃபைப்ராய்டு. கர்ப்பப்பையை எடுத்தார், அந்தப் பெண் பிழைக்கவில்லை. 1853-ல் அமெரிக்காவில் வால்டர் பர்னம் அதே மாதிரி தவறாகக் கணித்துத் திறந்தார். அந்தப் பெண் பிழைத்தார். மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்தபிறகு இது சாதாரண ஆபரேஷன் ஆயிற்று.

கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட்டுவைக்கும் வழியும் 1840-களிலேயே உண்டு. ஆனால் அதை ஒரு கொள்கையாக வளர்த்தவர் லண்டனின் விக்டர் பானி. அவர் மனைவிக்கு ஒரே ஒரு ஃபைப்ராய்டுக்காகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது, அவர்களுக்குப் பிள்ளையில்லை. பானி ஒரே பெண்ணிடமிருந்து 200-க்கும் மேற்பட்ட கட்டிகளை எடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றியிருக்கிறார். 1946-ல் தன் முறையைப் புத்தகமாகவே போட்டார்.

அடுத்த திருப்பம் ஓர் இஞ்சினியரிங் கதை. 1955-ல் கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட், ஆபரேஷனில் எடுத்த ஃபைப்ராய்டுகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். தசைக்கட்டி ஒருவிதமாக எதிரொலித்தது, நீர்க்கட்டி வேறுவிதமாக. டாம் பிரவுன் என்ற இளம் இஞ்சினியர் கருவியைச் செய்துகொடுக்க, 1958-ல் கட்டுரை வந்தது. இன்றைய ஸ்கேன் அதன் வாரிசு. கிளேயும் பர்னமும் செய்த மாதிரித் தவறு நடக்கும் வாய்ப்பு இப்போது மிகக் குறைவு.

ஆனால் இன்னொரு சிக்கல் வந்தது. தொந்தரவே தராத கட்டியும் கண்ணில் பட ஆரம்பித்தது. கண்ணில் பட்டதை எடுத்துவிடச் சொல்வது எளிது.

எடுத்த கணக்கு

2019-ல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பற்றி அரசுக் குழு விசாரித்தது. சுமார் 82 ஆயிரம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த தேவையற்ற ஆபரேஷன்கள் பற்றிய பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது.

கர்ப்பப்பையை எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் சரியான முடிவு, அதற்குப் பிறகு நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சினைப்பையையும் சேர்த்துச் சின்ன வயதில் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும் பருவம் உடனே வந்துவிடும். எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கும். தோட்டத்தில் சுமை தூக்கும் உடம்புக்கு இது சின்ன விஷயம் இல்லீங்க.

என்ன கேட்கணும்?

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் தமிழிலேயே கேட்கலாம்:

1. கட்டி எந்த இடத்துல இருக்கு? உள்பக்கமா, சுவருக்குள்ளயா, வெளிப்பக்கமா?
2. எனக்கு இருக்கிற தொந்தரவு இந்தக் கட்டியாலதானா?
3. ஒண்ணும் செய்யாம ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்த்தா என்ன ஆகும்?
4. மாத்திரை, ஹார்மோன் வளையம், இரத்தக்குழாயை அடைக்கிற முறை, கட்டியை மட்டும் எடுக்கிறது, இதுல எது எனக்குச் சரிவரும்?
5. கர்ப்பப்பையை எடுத்தா சினைப்பையை விட்டுவைப்பீங்களா?
6. என் இரத்த அளவு எவ்வளவு? அதை முதல்ல சரி பண்ண வேண்டாமா?

பதிலில் திருப்தி இல்லையென்றால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இன்னொரு கருத்துக் கேட்கலாம். 104 எண்ணில் அரசு சுகாதார ஆலோசனை கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வரும் கஷாயக் குறிப்புக்கு என் அளவுகோல் எளிது: எழுதியது யார், எப்போது, பக்கவிளைவு சொல்கிறதா, கடைசியில் எதையாவது விற்கிறதா?

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி உதிரம் பட்டாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனாலோ, கட்டிதானே என்று இருந்துவிடாமல் உடனே போக வேண்டும்.

மேலே உள்ள ஆறு கேள்விகளையும் யார் வேண்டுமானாலும் அச்செடுத்துக் கொடுக்கலாம், என் பெயர் தேவையில்லை. மதுரை மிஷனின் பெண்கள் ஆஸ்பத்திரி பற்றிச் சேர்த்த குறிப்புகளை அடுத்து எழுதுகிறேன்.