அழுத்தும் கையும் அபினி மாத்திரையும்

அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில், மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள டேவன்போர்ட் நகரில், முன்னர் மளிகை வியாபாரமும் பின்னர் காந்த சிகிச்சையும் செய்து ஜீவித்த டி. டி. பால்மர், 1895-ஆம் வருஷம், செவிப்புலன் குன்றிய ஹார்வி லில்லார்ட் என்னும் கட்டிடத் துப்புரவுப் பணியாளரின் முதுகில் புடைத்திருந்த எலும்பொன்றைக் கையால் அழுத்தி நேராக்கவே அவருக்குக் காது கேட்கத் தொடங்கிற்றென்று சொல்லிக்கொண்டதிலிருந்து பிறந்ததே கைரோபிராக்டிக் என்னும் சிகிச்சை. காதுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கப் போவதில்லை. வைத்தியர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள். உரிமமின்றி வைத்தியம் செய்த குற்றத்துக்காக 1906-இல் பால்மர், அபராதம் கட்ட மனமின்றிச் சிறையும் புகுந்தார். ஆயினும் 1972-இல் முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கேரின் சட்டமே, முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதற்குப் பணம் தரச் சம்மதித்தது. முதுகுவலிக்குக் கை ஒருபுறமிருக்க, மறுபுறம், 1898-இல் ஹெராயின் என்ற நாமத்தோடு இருமல் மருந்தாகக் கடைக்கு வந்த அபினி வர்க்கம், 1996-இல் ஆக்ஸிகான்டின் மாத்திரையாகி, முதுகுவலிக்காரரின் தலைமாட்டுக்கே வந்து சேர்ந்தது.